காலிக் கட்டத்துக்குப் பூஜ்யம்

கழுத்து வலியால் ஒருவரின் அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்று அளக்க ஒரு கேள்வித்தாள் உண்டு. வேறு ஏதோ நாட்டில் செய்தது. வலி, குளியல், சுமை தூக்குதல், வாசிப்பு, தலைவலி, கவனம், வேலை, வண்டி ஓட்டுதல், தூக்கம், பொழுதுபோக்கு என்று பத்துத் தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் ஆறு வாக்கியங்கள். முதல் வாக்கியத்தில் டிக் போட்டால் பூஜ்யம், அதாவது ஒரு தொந்தரவும் இல்லை. கடைசி வாக்கியம் என்றால் ஐந்து, அந்தக் காரியம் அடியோடு முடியவில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு மனுஷியின் கஷ்டம் ஓர் எண்ணாகி வந்துவிடும்.

மும்பை செம்பூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இதன் தமிழ் வடிவத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்த்தது மக்களுக்குப் புரிகிறதா, ஒரே ஆள் சில நாள் இடைவெளியில் இரண்டு தடவை நிரப்பினால் ஒரே மாதிரி வருகிறதா, சிகிச்சைக்குப் பிறகு எண் குறைகிறதா என்று பார்ப்பதுதான் திட்டம். நான் அதில் உதவியாளர். பிசியோதெரபி படித்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தேன் என்பதை எந்த நேர்முகத் தேர்விலும் நான் மெதுவான குரலில் சொன்னதில்லை. இந்த வேலையே அந்தப் பள்ளியால் வந்தது. திட்டத்தின் தலைவியான டாக்டர் மேடம், வசதியான பழைய தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற மாட்டுங்காக்காரர். வீட்டில் தமிழ்தான் பேசுவாராம், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மொழிபெயர்ப்பைக் காசு கொடுத்து வெளியில் செய்து வாங்கியிருந்தார்கள். அதைத் தடங்கலில்லாமல் வாசிக்கக்கூடிய ஆள் அந்த மாடியில் நான் ஒருத்திதான்.

திட்டத்தோடு சில வாரங்களுக்கு இலவசச் சிகிச்சையும் உண்டு. பயிற்சிகள், கையால் செய்யும் சிகிச்சை, வெந்நீர் ஒத்தடம், உட்காரும் முறையைத் திருத்துதல். இடங்கள் குறைவு. அதனால் கேள்வித்தாளில் ஒரு வரம்புக்கு மேல் எண் வந்தவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் தாராவியிலிருந்தும் ஆண்டாப் ஹில்லிலிருந்தும் வடாலாவிலிருந்தும் வந்தது கேள்விக்குப் பதில் சொல்ல இல்லை. அந்தச் சிகிச்சைக்காக.

எங்கள் வரிசையிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிற அக்காவை நான்தான் வரச் சொன்னேன். அக்கா முறுக்குப் பிழிகிறவர். முறுக்குக் கடையின் அடுப்படியில் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், முறுக்கு உரலை அழுத்தி அழுத்தித் தட்டுத் தட்டாகப் பிழிவார். காலையில் குழாய்த் தண்ணீர் பிடித்து முடித்ததும் உட்கார்ந்தால் எண்ணெய்ச் சட்டி ஆறும் வரை அதுதான். பிறகு பொரித்த தட்டுகளைத் தலையில் வைத்து இரும்பு ஏணி ஏறிப் பரணில் அடுக்க வேண்டும். கழுத்து வலி பல வருஷமாக இருந்தது. இப்போது அது தோள்பட்டை வழியாக இறங்கி, வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. இரண்டு தடவை உரல் கையிலிருந்து நழுவிவிட்டது. தீபாவளி ஆர்டர் தொடங்கப் போகிற சமயம். "கை ஓடலைன்னா சொல்லு, வேற ஆளை உக்கார வச்சுக்கிடுதேன்" என்று கடைக்காரர் எல்லாரும் கேட்கும்படி சொல்லியிருந்தார். சீசனில் இடம் போனால் அடுத்த சீசனில் அந்தப் பலகையில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அதற்குள் கையைச் சரிசெய்தாக வேண்டும். அக்காவுக்கு அந்தச் சிகிச்சை அவ்வளவு அவசியம்.

ஆஸ்பத்திரியில் தாள் நிரப்பும் அறையில் கேள்வியை நான் வாசிப்பேன், அவர்கள் பதில் சொல்வார்கள். தாங்களே நிரப்ப வேண்டும் என்றுதான் விதி. ஆனால் அக்கா வயதுப் பெண்கள் படிக்காதவர்கள், சின்னப் பெண்கள் இந்திப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் எழுத்தைப் பார்த்து இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி விழித்தது.

"வாசிக்கையில கழுத்து வலிக்கா, அக்கா?"

"நான் என்னைக்குட்டி வாசிச்சேன்?"

"பஸ் போர்டெல்லாம்?"

"நம்பரைப் பாத்து ஏறுதேன். அதுக்குக் கழுத்து என்னத்துக்கு, கண்ணு போதாதா?"

பொருந்தாத கேள்வியைக் காலியாக விடலாம் என்று தாளின் மேலேயே அச்சிட்டிருந்தது. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

"வண்டி ஓட்டும்போது?"

"ஆமா, தாராவியில இருந்து இங்க வரைக்கும் நாந்தான் பஸ்ஸை ஓட்டிட்டு வந்தேன். டிரைவரு பின்னால உக்காந்து டிக்கெட் கிழிச்சான்."

பக்கத்து நாற்காலியில் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அதுவும் காலி. வேலை என்ற தலைப்புக்கு வந்தோம். முதல் வாக்கியம், 'நான் விரும்பும் அளவுக்கு வேலை செய்ய முடிகிறது.'

"விரும்புற அளவுக்கு மேலயே செய்யுதேன். அதுல போடு."

"அது இல்லக்கா. வலியினால வேலை கொறஞ்சிருக்கா, முடியாமப் போவுதா, அதைக் கேக்காங்க. மிச்சத்தையும் வாசிக்கேன், கேளுங்க."

"முடியலைன்னு மட்டும் எழுதாத."

"ஏன்?"

அக்கா குரலைத் தாழ்த்தினார். "பேப்பர்ல ஏறிச்சுன்னா அது எங்க போவுமோ. நாளைக்கு அந்த ஆளு காதுக்குப் போச்சுன்னா? நீ நல்ல பிள்ளைதான், ஒன்னைச் சொல்லல."

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டு வாசல்களில் குடிசை மாற்றுத் திட்டத்துக்குக் கணக்கெடுக்க வருகிறவர்கள் எண் எழுதிவிட்டுப் போவதும், எந்தக் காகிதத்தில் என்ன சொன்னால் வீடு கிடைக்கும், எதைச் சொன்னால் கிடைக்காது என்று குழாயடியில் விவாதம் நடப்பதும் சாதாரணம். கேள்வி கேட்கிறவர் கையில் பேனா இருந்தால் 'இல்லை', 'முடியாது' என்ற வார்த்தைகளைச் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் பழகிப்போனது. வயிற்றுப் போக்கு பற்றிக் கேட்க வந்த சுகாதாரப் பணியாளரிடம் என் அம்மாவே எங்களுக்கு வயிற்றில் கோளாறே வந்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் கேள்வி எழுதியவர்களுக்கு இது தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை. ஆனால் மும்பையில் உட்கார்ந்து அதைச் சோதிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சோதிப்பது என்றால் என்ன பிறகு?

அக்கா சொன்னபடியே வேலைக்கு முதல் வாக்கியத்தில் டிக் போட்டேன். ஓரத்தில் பென்சிலால் 'விரல் மரத்துப்போகிறது, உரல் நழுவுகிறது' என்று எழுதி வைத்தேன். வலி, தூக்கம், தலைவலி, சுமை எல்லாவற்றிலும் அக்காவின் பதில்கள் கடைசி வாக்கியங்களில், நாலும் ஐந்துமாக இருந்தன. இரவில் திரும்பிப் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்திருப்பாராம். இது போதும், இடம் கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பட்டியல் ஒட்டினார்கள். அக்கா அதில் இல்லை.

கணினியில் அக்காவின் வரிசையைத் திறந்து பார்த்தேன். வாசிப்பு, பூஜ்யம். வண்டி ஓட்டுதல், பூஜ்யம். காலியாக விட்ட இடத்திலெல்லாம் பூஜ்யம் உட்கார்ந்திருந்தது. இந்தப் பெண்மணிக்கு வாசிப்பதில் எந்தச் சிரமமும் இல்லை, கார் ஓட்டுவதில் எந்தச் சிரமமும் இல்லை என்று எங்கள் ஆஸ்பத்திரி எழுதி வைத்திருந்தது. ஓரத்தில் நான் எழுதிய பென்சில் குறிப்புக்குக் கணினியில் இடமே இல்லை.

மேடத்தின் அறைக்குப் போனேன். அவர் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டார். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

"காலியா விட்டா ஸாஃப்ட்வேர் அடுத்த ஆளுக்குப் போக மாட்டேங்கறது. அதனால ஸீரோ போடச் சொன்னேன்" என்றார்.

"அது தப்பில்லையா மேடம்?"

"என்ன தப்பு? யோசிச்சுப் பாரு. படிக்காதவாளுக்குப் படிக்கறதுல கஷ்டம் எப்படி வரும்? லாஜிக்கா அது ஸீரோதான் இல்லையோ."

"கால் இல்லாதவங்களுக்கு முழங்கால் வலி இல்லைன்னு எழுதி, ஆரோக்கியமா இருக்காங்கன்னு அனுப்பிடுவீங்களா?"

ஸ்பூனைக் கீழே வைத்தார். "இதோ பாரு, உங்க ஏரியா ஆளுங்கறதுனால உனக்கு ஃபீலிங்ஸ் ஜாஸ்தி. தப்புச் சொல்லல. ஆனா ரிசர்ச்சுல அது வரப்படாது."

உங்க ஏரியா. படித்து, பட்டம் வாங்கி, வெள்ளைக் கோட்டுப் போட்டு அந்த மாடியில் நிற்கிறேன். கேட்டது கணக்கைப் பற்றி. பதில் வந்தது என் ஏரியாவைப் பற்றி. விடை இல்லாததும் விடை பூஜ்யம் என்பதும் ஒன்றல்ல என்பது புள்ளியியல் வகுப்பில் முதலில் சொல்லித்தருகிற விஷயம். அதைச் சொல்ல ஃபீலிங்ஸ் எதற்கு?

அன்று மாலை வேலை முடிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்தேன். பதில் சொன்ன கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற விகிதத்தில் எல்லாருடைய எண்ணையும் மறுபடி போட்டேன். அக்கா வரம்பைத் தாண்டினார். அவர் மட்டுமில்லை, காலிக் கட்டம் இருந்த இன்னும் பல பேர் தாண்டினார்கள். காலிக் கட்டம் யாரிடம் இருந்தது என்று பார்த்தால் தாராவி, ஆண்டாப் ஹில், வடாலா. மாட்டுங்காவிலிருந்து வந்தவர்களின் தாளில் பத்தும் நிரம்பியிருந்தது. அவர்கள் பேப்பர் படிக்கிறார்கள், ஸ்கூட்டியோ காரோ ஓட்டுகிறார்கள், சாயங்காலம் வாக்கிங் போகிறார்கள். அதையெல்லாம் செய்யும்போது வலிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எண் கிடைக்கிறது. அவர்கள் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. எண்ணுவதற்கு அவர்களிடம் நிறைய இருக்கிறது என்று சொல்கிறேன். ஒன்றும் இல்லாதவளிடம் வலி எடுத்துக்கொள்ள மிச்சமும் ஒன்றுமில்லை என்று அந்தக் கணக்கு சொன்னது.

அச்செடுத்துக் காலையில் மேடத்திடம் கொடுத்தேன். அவர் வெகு நேரம் பார்த்தார். கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்றால் வேறு மாதிரிப் பேசியிருப்பார்.

"பட்டியல் ஒட்டியாச்சு. இப்ப மாத்தினா முதல்ல இருந்து எல்லாத்தையும் எழுதணும். வெள்ளிக்கிழமை வெளியில இருந்து ரிவ்யூவுக்கு வேற வரா" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "அந்த முறுக்குப் பிழியற அம்மாவை என் பொறுப்புல சேத்துடறேன். டாக்டர் பரிந்துரைன்னு போட்டா யாரும் கேக்க மாட்டா. நாளைக்கே வரச் சொல்லு. மத்ததை அப்பறம் பேசிக்கலாம். வெள்ளிக்கிழமை இதைக் கிளப்பாதே, சரியா?"

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வீடு வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஓர் எலும்புத் துண்டைப் போட்டு வாயை அடைக்கிறார் என்ற எண்ணம் ஒரு பக்கம். அந்தத் துண்டு என்னுடையது இல்லையே, அக்காவின் கை அல்லவா என்பது இன்னொரு பக்கம். என் வீறாப்புக்கு அக்காவின் விரலை அடகு வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? நேராக அக்கா வேலை செய்கிற அடுப்படிக்குத்தான் போனேன். கடைக்காரர் வெளியே போயிருந்தார். பிழிந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குக் கார் ஓட்டத் தெரியும்னு எழுதிட்டாகளா?" என்று கேட்டுவிட்டு அக்கா சிரித்தார். கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பிச் சிரித்தார். "எந்தக் காருட்டி? கலர் சொன்னாகளா?"

"அக்கா, வெளையாடாதீங்க. நான் என்ன செய்யட்டும்?"

"எடம் குடுக்கேன்னு சொல்லுதாக, இல்லா? மொதல்ல அதை வாங்கு. பொறவு சண்டை போடு."

"அது நல்லாருக்குமா?"

"அவுக செஞ்சது நல்லாருந்துச்சா?" உரலில் மாவை நிரப்பினார். "நீ சண்டை போடலைன்னா எனக்கு அவமானம் பாத்துக்க. நம்ம லைன்ல மூணு பொம்பளைக உன் பேச்சைக் கேட்டு வந்தாளுக. எனக்கு மட்டும் கிடைச்சுதுன்னா குழாயடியில நான் எப்படி நிக்க? சும்மா மச்மச் பண்ணி இழுத்தடிக்காம போய்ச் சொல்லு."

மறுநாளே அக்கா சிகிச்சைக்குச் சேர்ந்தார். பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, முதல் நாள் சிகிச்சை முடியும் வரை நான் கூடவே நின்றேன்.

வெள்ளிக்கிழமை ரிவ்யூவுக்கு வந்தவர் ஒரு புள்ளியியல் பேராசிரியர், மராத்திக்காரர். ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசினார். மேடம் திரையில் அழகான வரைபடங்கள் காட்டினார். தமிழ் வடிவம் நன்றாக வேலை செய்கிறது, இரண்டு தடவையும் விடைகள் பொருந்தி வருகின்றன என்றார். பொருந்தத்தான் செய்யும். இரண்டு தடவையும் அதே பெண்கள் அதே கட்டங்களைக் காலியாக விட்டார்கள், இரண்டு தடவையும் நாம் அதே பூஜ்யத்தைப் போட்டோம்.

கேள்வி உண்டா என்று அவர் கேட்டபோது எழுந்தேன். காலிக் கட்டத்துக்கெல்லாம் பூஜ்யம் போட்டிருக்கிறோம் என்று சொல்லி, நான் அச்செடுத்த தாளை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டு, "யே ஸீரோ ஹை, யா காலி ஹை?" என்றார். இது பூஜ்யமா, காலியா என்று கேட்கிறார்.

"காலி, சார்."

மேடம் என் பக்கம் குனிந்து, அவருக்குப் புரியாமல் இருக்கத் தமிழில், "நாம பேசிண்டோமே" என்றார்.

"நீங்க பேசினீங்க மேடம். நான் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றேன். நானும் தமிழில்தான்.

பேராசிரியர் சத்தம் போடவில்லை. காலியைக் காலி என்று குறிக்க வேண்டும், எண்களை மறுபடி போட வேண்டும், பட்டியலையும் திருத்த வேண்டும் என்றார். வாசிப்பும் வண்டி ஓட்டுவதும் இந்த மக்களுக்குப் பொருந்தவில்லை என்றால் அதுதான் உங்கள் ஆராய்ச்சியின் முடிவு, அதை ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டார். வேலை பற்றிய கேள்வியை வேறு விதமாகக் கேட்கலாமா என்று நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார். செய்ய முடிகிறதா என்று கேட்டால் எங்கள் பெண்கள் முடிகிறது என்றுதான் சொல்வார்கள். செய்து முடித்த பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டால் உண்மை வரும். அவ்வளவுதான் நான் சொன்னது.

அவர் போன பிறகு மேடம் வராந்தாவில் என்னை நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது.

"அந்த அம்மாவுக்காக நான் விதியை வளைச்சேன். அதுக்கு இதுவா?"

"விதியை நேராக்கியிருந்தா வளைக்க வேண்டியதே இல்லையே மேடம்."

"இந்த புராஜெக்ட் முடிஞ்சதும் நீ வேற இடம் பாத்துக்கோ."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த வேலை எங்கள் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியும். அதை அவர் முன்னால் முகத்தில் காட்ட நான் தயாராக இல்லை. தண்டனை மாதிரி இன்னொன்றும் சொன்னார். விட்டுப்போன எல்லாரையும் நானே போனில் கூப்பிட வேண்டும். தண்டனை என்று அவர் நினைத்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியைச் சொன்ன மாதிரி செய்யாமல் நைசாக ஏமாற்றுவார். தாடையை உள்ளே இழுக்கச் சொன்னால், "போட்டோ பிடிக்கப் போறாகளா?" என்பார். ஆனாலும் இரவில் தூங்க ஆரம்பித்தார். பலகைக்குப் பதிலாக ஸ்டூலில் உட்கார்ந்து மேஜைமேல் பிழிய வேண்டும் என்று நான் போய்க் கடைக்காரரிடம் சண்டை போட்டதில், ஒரு பழைய மேஜை வந்தது. தீபாவளிக்கு அவர் இடம் போகவில்லை. விரல் மரப்பு முழுக்கவும் போகவில்லை.

போன் செய்கிற வேலை லேசாக இல்லை. பல எண்கள் புருஷனுடையவை அல்லது மகனுடையவை. யார், எதற்கு, எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு கேட்பார்கள் என்று முதலில் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒருத்தர் ஊருக்கே போய்விட்டார் என்றார்கள். இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள். பிறகு வடாலாவில் வீட்டு வேலை செய்கிற ஓர் அக்கா கிடைத்தார். பட்டியலில் பெயர் வந்திருக்கிறது, சிகிச்சைக்கு வரலாம் என்று சொன்னேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம். பிறகு குரல் வந்தது.

"அன்னைக்கு என் வலி பத்தாதுன்னுதான அனுப்புனீங்க. இப்பப் பத்துதா?"

"அன்னைக்கும் பத்துச்சுக்கா. எங்க கணக்குலதான் தப்பு."

"யாரு போட்ட கணக்கு?"

"எங்க ஆஸ்பத்திரி போட்டது."

"படிச்சவங்கதான போட்டது?"

"ஆமாக்கா."

குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் மன்னிப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

"காலையில பதினோரு மணிக்கு."

"நல்ல நேரம் பாத்து வச்சிருக்கீங்க. பதினோரு மணிக்கு நான் மூணாவது வீட்டுல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருப்பேன். என்னை மாதிரி ஆளுங்க யாரும்மா பதினோரு மணிக்குச் சும்மா இருக்கா? சாயங்காலம் கிடையாதா?"

பட்டியலைப் பார்த்தேன். மிச்சமிருந்த பெயர்களுக்கு எதிரேயும் காலை நேரம்தான் போட்டிருந்தது.

"கேட்டுட்டு அரை மணி நேரத்துல கூப்பிடுறேன்க்கா. போனை எடுங்க."

மேடத்தின் அறைக் கதவு மூடியிருந்தது. தட்டினேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இப்ப என்ன?" என்றார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

"சாயங்கால நேரம் வேணும் மேடம்" என்றேன்.